காரைதீவில் எடுத்த படம்

போன கிழமை நம்மட வகுப்புக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. ஒரு கோயில் வாசலில் முக்காடு போட்ட பெண்ணொருத்தி, தோளில் ஒரு பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். கையில் வேப்பிலைக் கொத்து. ‘கிழக்குக் கரையின் மத நல்லிணக்கம். பெயர் தெரியாத ஒரு முஸ்லிம் தாய்’ என்று கீழே எழுதியிருந்தது. நீங்கள் எல்லாரும் இதயம் போட்டீர்கள். அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம் என்று எழுதினீர்கள். இரண்டு பேர் மட்டும் ஒன்றும் போடவில்லை. அந்த இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

அவளுக்குப் பெயர் இருந்தது. அவள் என் உம்மா. தோளில் கிடப்பது நான். பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை, அவள் அதை விரும்பமாட்டாள். ஆனால் அவள் மௌத்தாகி ஒரு வருஷ நினைவுக் கத்தமும் ஓதியாகிவிட்டது. வாப்பா போய் எத்தனையோ வருஷம். இனி நான் சொல்லாவிட்டால், அந்தப் படம் சொல்வதுதான் கதை என்று ஆகிவிடும்.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. சிறுபோக வெள்ளாமை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு படக்காரர் வந்து கல்முனை வாடிவீட்டில் தங்கினார். சொந்த இடம் மட்டக்களப்புப் பக்கம், வேதக்காரர், கிறிஸ்தவர். கோடு போட்ட சட்டை, கழுத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு துவாய். பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் கரையோரத்திலுள்ள பள்ளி, கோயில், சேர்ச், விகாரை எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு புத்தகம் போடப் போவதாகச் சொன்னார். அதற்கு அவருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. என் வாப்பாவிடம் ஹயர் ஓடுகிற ஒரு பழைய ஒஸ்டின் இருந்தது.

அந்தக் காரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஹோர்னை அமத்தினால் முன்விளக்கும் சேர்ந்து எரியும். உள்ளே பெற்றோலும் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம். சனிக்கிழமைகளில் வாப்பா என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார். எனக்கு மூத்தவராக ஒரு நாநா பிறந்து நாலு வயதில் மௌத்தானவர். அதனாலோ என்னவோ, வாப்பாவுக்கு நான் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

முதலில் கடற்கரைப் பள்ளி. வெள்ளைச் சுவர் உச்சி வெயிலில் கண்ணைக் குத்தியது. படக்காரர் குடையை விரித்துக்கொண்டு பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் மணலில் உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்து, மினாராவின் நிழல் கடல் பக்கமாய் நீண்ட பிறகுதான் கமராவைத் திறந்தார். மேலேயிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கமரா. எனக்கும் ஒருமுறை காட்டினார். உள்ளே எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. வாப்பா வலது பக்கம் நடந்தார், கண்ணாடியில் இடது பக்கம் போனார். நான் சிரித்தேன்.

சாகாமம் குளக்கட்டுக்குப் போனோம். அங்கே ஒரு மரத்தடியில் சூலம் ஊன்றியிருந்தது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு மரத்தடியில் பச்சைத் துணி போர்த்திய ஒரு அவுலியாவின் சியாரம், பெரியார் ஒருவரின் அடக்கவிடம். வரம்பில் நின்ற ஒரு வெள்ளாமைக்காரரிடம், இதில் எது பழையது என்று படக்காரர் கேட்டார்.

“அது தெரியா. ரெண்டு பேரும் தண்ணியப் பாத்துக்கொள்றாங்க. நமக்கு அது போதும்” என்றார் அவர். படக்காரர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பொத்துவிலில் கடலோர மணலில் பாதி புதைந்து நின்ற கற்சிலைகள். ஒரு புத்தரின் காலடியில் நண்டு வளை. திருக்கோவிலில் கோயில் மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் காய்ந்துகொண்டிருந்த வலைகள். கல்முனைச் சேர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். வாப்பா எல்லா இடத்திலும் காரை விட்டு இறங்குவார். யாரைப் பார்த்தாலும் கதைப்பார். பாண்டிருப்பில் ஒரு பூசகர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பழைய கூட்டாளியாம். என் வாப்பாவைத் தெரியாத ஊர் இந்தக் கரையில் இல்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நாட்களில் வாப்பாவுக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. நம்மட ஊரில் தாய் வழியாக வருகிற ஒவ்வொரு குடிக்கும் பள்ளி நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருப்பார், உங்களுக்குத் தெரியும். எங்கள் வாப்பாவின் குடிக்கு மரைக்காராக இருந்தவர் அவருடைய தாய்மாமன். அவர் அந்த நோன்பில் மௌத்தாகிவிட்டார். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். போட்டியில் வாப்பாவும் இன்னொருவரும் இருந்தார்கள். வாப்பா புதிதாக ஒரு தொப்பி வாங்கினார். ஐந்து வக்துத் தொழுகைக்கும் முன் வரிசையில் நின்றார்.

வைகாசி பிறந்ததும் எனக்குச் சின்னமுத்து அம்மை வந்தது. கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள். ஒன்பது நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. நாநா மௌத்தானதும் இதே வருத்தத்தில், இதே நோயில்தான். வாப்பா என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதுவார், ஓதிக்கொண்டே அழுவார். உம்மா அழவில்லை. ஈரத் துணியை மாற்றிக்கொண்டேயிருந்தாள்.

என்னைப் பார்க்கக் காரைதீவு டீச்சர் வந்தார். நமக்குத் தமிழ் படிப்பித்தவர், உம்மாவின் கூட்டாளி.

“எங்கட அம்மன் கோயில்ல சடங்கு நடக்குது. ஒருக்காப் புள்ளயக் கொண்டுவந்து குளிர்த்தித் தண்ணி தெளிச்சிட்டுப் போங்க. உங்கட ஆக்களும் வாறவங்கதான்” என்றார்.

டீச்சர் போன பிறகு வாப்பாதான் சொன்னார்.

“நாளைக்குப் படக்காரரையும் அங்கதான் கொண்டு போறன். நீயும் புள்ளயத் தூக்கிட்டு வா.”

“பள்ளியில தெரிஞ்சா?” என்று உம்மா கேட்டாள்.

“ஒரு புள்ளயக் குடுத்திட்டம். இவளையும் குடுக்கச் சொல்றியா? அல்லாஹ்தான் சுகம் தாறவன். எந்த வாசலால தாறான் எண்டு நமக்கென்ன தெரியும்?”

வாப்பாவின் வாயிலிருந்து வந்த இந்தச் சொற்களைக் காய்ச்சலில் கிடந்த நான் என் காதால் கேட்டேன்.

அடுத்த நாள் பகல் போனோம். முன்சீட்டில் படக்காரர், பின்சீட்டில் உம்மாவின் மடியில் நான். கோயிலுக்குள்ளிருந்து உடுக்குச் சத்தமும் பெண்களின் குரவையும் வந்தன. கலியாண வீட்டில் நம் பெண்கள் போடுகிற அதே குரவை. வாப்பா தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு வாசல் வரைக்கும் வந்தார். டீச்சர் உள்ளேயிருந்து மஞ்சள் கலந்த தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்தார். முகத்தில் விழுந்த அந்தத் தண்ணீரின் குளிர் இப்போதும் எனக்குத் தெரியும்.

படக்காரர் பக்கத்தில் வந்தார். “தங்கச்சி, ஒரு படம் எடுக்கட்டா?”

“வேணாம் ஐயா” என்றாள் உம்மா.

“எடுக்கட்டும், இது நல்ல வேலதானே” என்றார் வாப்பா. படக்காரரிடம், “முகம் விழாம எடுங்க” என்றார்.

“முகம் விழாது. நான் வாக்குத் தாறன்.”

உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினாள். கமரா ஒரு சின்னச் சத்தம் போட்டது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். மருந்தா, தண்ணீரா, இல்லை வருத்தமே அதன் பாட்டில் இறங்கியதா, யாரால் சொல்ல முடியும்?

படக்காரர் ஊரை விட்டுப் போகுமுன் நன்றிக்காக ஒரு வேலை செய்தார். தான் எடுத்த படங்களில் நாற்பது ஐம்பதைப் பெரிதாகக் கழுவி வாசிகசாலைச் சுவர்களில் மாட்டினார். மாட்டிவிட்டு அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார். நம் வகுப்பை வரிசையாக அங்கே கூட்டிப் போனார்களே, நினைவிருக்கிறதா? எல்லாரும் கடற்கரைப் பள்ளிப் படத்துக்கு முன்னால் நின்று அதில் தங்கள் வாப்பாமாரைத் தேடினீர்கள். நான் உள்ளறைக்குப் போனேன். அங்கே யன்னலுக்குப் பக்கத்தில் உம்மா படமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

படக்காரர் வாக்கை மீறவில்லை. முகம் விழவேயில்லை. மூக்கின் நுனி, முக்காட்டின் கரை, வேப்பிலை பிடித்த கை, அவ்வளவுதான். என் முகமும் அவளுடைய கழுத்துக்குள் புதைந்திருந்தது. வாப்பாவுமில்லை, காருமில்லை. அது யாரென்று கண்டுபிடிக்க ஊரில் ஒருவராலும் முடிந்திராது.

உங்களில் ஒருத்தி என் பின்னால் வந்து நின்று, “இது ஆருடி?” என்று கேட்டாள்.

“எங்கட உம்மா. இது நான்” என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். அவள் நம்பவில்லை. நான் விடவில்லை, காப்பைக் காட்டினேன். உம்மாவின் கையிலிருந்த நெளிக்காப்பு. இன்னொருத்தியும் வந்து பார்த்தாள். ஒன்றும் போடாத அந்த இரண்டு பேரும் நீங்கள்தான். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் வேறென்ன செய்யும்?

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு பள்ளியிலிருந்து நாலு மரைக்கார்மாரும் லெவ்வையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லெவ்வை நல்ல மனிதர். நமக்கெல்லாம் குர்ஆன் ஓதித் தந்தவர். உம்மாவும் நானும் அறைக்கதவின் திரைக்குப் பின்னால் நின்றோம்.

“படத்தில இரிக்கிறது உங்கட வீட்டுக்காரி எண்டு ஊரெல்லாம் கதைக்கிது. நீங்க கூட்டிப் போனீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

வாப்பா அழுதுகொண்டே யாசீன் ஓதிய அந்தக் குரல் வரும், நாளைக்கு நீயும் வா என்று சொன்ன அந்தக் குரல் வரும் என்று நான் காத்திருந்தேன்.

“நான் அந்தப் பக்கமே போகல்ல. அண்டைக்கு எனக்குப் பொத்துவில் ஹயர்” என்றார் வாப்பா.

“அப்ப இவ எப்பிடிப் போனா?”

“எனக்கென்ன தெரியும்? ஆரோட போனாளோ.”

நான் வாயைத் திறந்தேன். உம்மா தன் கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் மஞ்சளும் வெங்காயமும் மணத்தன. அவளுடைய உடம்பு கல் மாதிரி இருந்தது.

வெளியே நீண்ட நேரம் கதைத்தார்கள். உம்மா எல்லாருக்கும் முன்னால் தௌபா செய்து, பாவமன்னிப்புக் கேட்டு, கலிமாவைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கோயிலுக்குப் போனதால் நிக்காஹ் முறிந்துவிட்டது, அதையும் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானது. வாப்பாவும் ஓம் என்றார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லெவ்வை மட்டும், “இவ்வளவு வேணுமா?” என்று கேட்டார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு வாப்பா குசினிக்கு வந்தார்.

“கோவிக்காத. இன்னும் ரெண்டு கிழமைதான். மரைக்கார் இடம் கிடைச்ச பொறகு எல்லாத்தையும் நானே சொல்றன். கலிமாதானே, நாம ஒவ்வொரு நாளும் சொல்றதுதானே” என்றார்.

உம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கலிமாவ நான் நூறு தரம் சொல்லுவன். ‘ஆரோட போனாளோ’ எண்டு சொன்னீங்களே. அத எப்பிடித் திருப்பி எடுப்பீங்க?”

“அது வாய் தவறி வந்திட்டு.”

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. காரைதீவு டீச்சர் வீட்டுக்கு வந்து அழுதார். “நான் வந்து உங்கட பள்ளியில சொல்றன். அவர்தான் கார் ஓட்டிட்டு வந்தவர் எண்டு சொல்றன்.”

“வேணாம் டீச்சர். நீங்க வந்தா உங்களையும் சேத்துக் கதைப்பாங்க. அவர் சொல்ல வேண்டியத அவர்தான் சொல்ல வேணும்” என்றாள் உம்மா.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் புதுப் பாய் விரித்தார்கள். வீடு உம்மாவுடையது, சீதனமாக அவளுடைய உம்மா கொடுத்தது. வாப்பா வெள்ளைச் சாரனும் புதுத் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாப்பிள்ளை மாதிரித்தான் இருந்தார். உம்மாவின் மூத்த நாநா, என் பெரிய மாமா, பெண் பக்கத்துப் பொறுப்பாளரான வலியாக வந்திருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர். லெவ்வை திரைக்குப் பக்கத்தில் வந்து கலிமாவைச் சொல்லச் சொன்னார்.

உம்மா சொன்னாள். முன்மண்டபத்துக்குக் கேட்கிறபடி, ஒவ்வொரு எழுத்தாக, திருத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இத நான் ஒருநாளும் விட்டதில்ல லெவ்வை. அண்டைக்கும் இத ஓதிக்கிட்டுத்தான் அங்க நிண்ட நான்” என்றாள்.

“அல்லாஹ் அறிவான் மகள்” என்றார் லெவ்வை. பிறகு கேட்டார். “இவர நிக்காஹ் செய்ய உங்களுக்குச் சம்மதமா?”

பெரிய மாமா திரையை விலக்கித் தலையை நீட்டினார். “சம்மதம் எண்டு சொல்லு புள்ள. ஒரு சொல்லுத்தானே.”

“இல்ல” என்றாள் உம்மா.

“என்ன?”

“சம்மதமில்ல. முதல் நிக்காஹ் முறிஞ்சிட்டு எண்டு நீங்கதானே சொன்னீங்க. இவரும் ஓம் எண்டுதானே சொன்னார். அப்ப அது முறிஞ்சதாவே இரிக்கட்டும்.”

மாமா கெஞ்சினார், ஏசினார். சாட்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லெவ்வை மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். வாப்பாவை எட்டிப் பார்த்தேன். பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது, ‘நான்தான் கூட்டிப் போனேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேருக்கு நடுவில் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவர் தன் தொப்பியைச் சரி செய்தார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் உம்மாவின் பக்கம் நிற்கவில்லை. வாப்பா தகரப் பெட்டியைக் காரில் ஏற்றியபோது ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். உம்மாதான் கல்நெஞ்சுக்காரி, ஒரு சொல் சொல்லியிருந்தால் வாப்பா வீட்டிலேயே இருந்திருப்பார் என்று அப்போது நினைத்தேன். உம்மா வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. அவளுக்கு நான் வேண்டாம் போலும் என்று அதையும் அவள் மேல் குற்றமாகப் போட்டேன்.

வாப்பாவின் ராத்தாவான என் மாமி வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். வாப்பாவுக்கு மரைக்கார் இடம் கிடைத்தது. ஊர் அவரைப் பாவம் பார்த்தது. வீட்டுக்காரியால் அவமானப்பட்ட நல்ல மனிதர். கொடியேற்றத்தன்று அவர் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். கடற்காற்றில் கொடி படபடவென்று அடித்தது. கூட்டத்தில் எல்லாரும் நபியின் மேல் ஸலவாத்துச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ‘ஆரோட போனாளோ’ என்ற சொல் எனக்குள் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. சந்தையில் உம்மாவைப் பற்றி இரண்டு பெண்கள் கதைத்ததை அதற்கு முந்தின நாள் கேட்டிருந்தேன்.

அடுத்த கிழமை வாப்பா என்னைக் காரில் ஏற்றி மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு ஹயருக்குப் போனார். வந்தவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காரில் நாங்கள் இருவரும்தான். ரோட்டின் இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல், கொக்குகள். நான் கேட்டேன்.

“வாப்பா, நீங்கதானே எங்களக் கோயிலுக்குக் கூட்டிப் போனீங்க?”

வாப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஆருக்கிட்டயும் சொல்லமாட்டன் வாப்பா. எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“உனக்கு அண்டைக்குக் கடும் காய்ச்சல் மகள்” என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. “காய்ச்சல்ல என்னென்னமோ தெரியும். நான் அங்க வரல்ல.”

பள்ளியிலிருந்து யாரும் அங்கே இல்லை. கேட்பதற்கு ஒரு காது இல்லை. நான் ஒருத்திதான் இருந்தேன். காரை நிற்பாட்டச் சொன்னேன். எனக்குச் சத்தி, வாந்தி வருகிறது என்று நினைத்து நிற்பாட்டினார். இறங்கினேன். பின்னால் கூப்பிட்டார், ஹோர்ன் அடித்தார். நான் திரும்பவில்லை. வரம்பால் குறுக்கே விழுந்து நடந்தேன். கால் முழுக்கச் சேறு. வீட்டுக்கு வந்து சேர நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் காலைக் கழுவச் சொன்னாள். சோறு போட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நான் இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.

“அவருக்கிட்டக் கேட்டியா?”

“ஓம்.”

“என்ன சொன்னார்?”

“அவர் வரல்லயாம். காய்ச்சல்ல எனக்கு அப்பிடித் தெரிஞ்சதாம்.”

உம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று மாதத்தில், அந்த நாலு மரைக்கார்மாருக்கு முன்னாலும் பெரிய மாமாவின் ஏச்சுக்கு முன்னாலும் அழாதவள், அடுப்படியில் குந்தி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போய் அவளுடைய முதுகில் கை வைத்தேன்.

“உனக்காவது சொல்லுவார் எண்டு நினைச்சித்தான் உன்ன அவரோட போக விட்ட நான்” என்றாள்.